மெஷினுக்கு நெற்றி எது?

வாருங்கள், உட்காருங்கள். கடைசி வரிசையில் ஒளிந்துகொண்டிருப்பவர்களும் முன்னால் வாருங்கள், நான் கேள்வியெல்லாம் கேட்க மாட்டேன். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சீன மொழிபெயர்ப்பாளர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்றவளைக் கூப்பிட்டால் அவள் நாலோடு நிறுத்துவாளா? டீயை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள்.

சற்று முன் வாசலில் உங்களில் ஒரு பெண் என்னை மடக்கினாள். "மேடம், எல்லாம் வருது. இந்த 'பா' வாக்கியம் மட்டும் வரவே மாட்டேங்குது. இங்கிலீஷ்ல யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்திலும் இதே புலம்பல்தான்.

சீனம் தெரியாத ஆபீஸ் பிள்ளைகளும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்காகச் சொல்கிறேன். 'பா' என்பது சீனத்தில் ஒரு சின்னச் சொல். அதைப் போட்டால் பொருள் முன்னால் வரும். அதை என்ன செய்தோம் என்பது பின்னால் வரும். செய்ததால் அந்தப் பொருள் எங்கே போனது, எப்படி ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். 'கோப்பையை வைத்தேன்' என்று பாதியில் நிறுத்தினால் சீனக்காரர் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார், எங்கே வைத்தாய் என்று. இங்கிலீஷ்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. அவர்கள் முதலில் 'வைத்தேன்' என்று சொல்லிவிட்டுத்தான் கோப்பையைத் தேடுவார்கள். நமக்கு என்ன கேடு? பிறந்ததிலிருந்து கோப்பையை முன்னால் வைத்துத்தானே பேசுகிறோம்! ஆனால் நாம் சீனம் படிப்பது இங்கிலீஷ் புத்தகத்தில். தமிழை இங்கிலீஷாக்கி, அந்த இங்கிலீஷைச் சீனமாக்கப் பார்க்கிறோம். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போக, எதிர்ப்பக்கம் போகிற செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறுகிற புத்தி.

என்னை அந்த பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டவர் சென்னையில் பியூட்டி பார்லர் வைத்திருந்த ஒரு சீன அம்மா. சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். வாசலில் ஆட்டோக்காரரோடு தமிழில் சண்டை போடுவார், உள்ளே வந்து தங்கையிடம் சீனத்தில் அதைச் சொல்லிச் சிரிப்பார். பேசிப் பழகலாமே என்று முடி வெட்டிக்கொள்ளும் சாக்கில் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து, 'முடியை வெட்டுங்கள்' என்று சீனத்தில் பெருமையாகச் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

"வெட்டி? குட்டையாக்கணுமா, மொட்டையாக்கணுமா? இன்னா ஆகணும்னு சொல்லாம நீ பாட்டுக்கு நிறுத்திட்டா நான் இன்னாம்மா பண்றது?"

எனக்கு வியர்த்துவிட்டது. சொல் தொண்டைவரை வந்து நின்றுகொண்டது. அவருக்கு அந்தச் சொல் தெரியாதா? எடுத்துக் கொடுக்கவில்லையே! நான் திக்கித் திணறி 'முடியை வெட்டிக் குட்டையாக்குங்கள்' என்று சொல்லி முடித்த பிறகுதான் கத்தரி கீழே இறங்கியது. என் கோபத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நான் சொல்லிக் குட்த்தா அது என் பேச்சு, உனுக்கு எப்படி ஒட்டும்?" என்றார். அன்று வந்த 'பா' இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. அந்தக் கத்தரிக்கோலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் கடைசியாக வேலை பார்த்தது கார் முன்விளக்கு செய்யும் ஒரு கம்பெனியில். அங்கே புது லைனை நிறுவுவதற்காக இங்கிலாந்திலிருந்து கிரெக் என்று ஒருவர் வந்திருந்தார். நெடுநெடுவென்று உயரம், நல்ல மனசு, பிடிவாதம். மெஷின்களில் பாதி சீனாவிலிருந்து வந்தவை, அதனால் சீனம் கற்றே தீருவேன் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். பகல் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில்தான் வகுப்பு. ஒரகடத்துக் கேன்டீனில் ஒரு வெள்ளைக்காரர் தயிர்வடையைப் பிட்டுக்கொண்டே பென்னலூர்க்காரி என்னிடம் சீனம் படிக்கும் காட்சியைப் பார்க்க, பக்கத்து லைனிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள்.

அவரிடம்தான் நான் ஒன்றைக் கண்டுகொண்டேன். இங்கிலீஷ் பேசுகிறவர்கள் 'பா'வைத் தப்பாகச் சொல்வதைவிட, அந்தப் பக்கமே போகாமல் நழுவுவதுதான் அதிகம். தப்பாகச் சொன்னால் திருத்திவிடலாம். நழுவுகிறவரை எங்கே பிடிப்பது? என் எதிரிலேயே அவர் தம்ளரை மேஜைமேல் வைப்பார். என்ன செய்தீர்கள் என்று கேட்பேன்.

"மேஜைமேல் தம்ளர் இருக்கிறது."

"யார் வைத்தது?"

"அது இருக்கிறது, மேடம்."

"தானாக நடந்து வந்ததா?"

"வந்தது" என்று கண்ணடிப்பார். பார்த்தீர்களா? செய்தவனே இல்லாத வாக்கியமாகப் பார்த்துப் பார்த்துச் சொல்லுவார். அந்த வாக்கியத்தில் தப்பும் இல்லை, அதுதான் எரிச்சல். கடைசியில் நான் புத்தகத்தை மூடிவிட்டு, பியூட்டி பார்லர் வைத்தியத்தைக் கையில் எடுத்தேன். பேசாதீர்கள், முதலில் பொருளைக் கையில் எடுங்கள். எடுத்த பிறகு 'பா' சொல்லுங்கள். செய்யுங்கள். செய்து முடித்தபின் அது என்ன ஆனது என்று சொல்லும்வரை கையை எடுக்கக்கூடாது. பாவம், எத்தனையோ நாள் தம்ளரைப் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்திருப்பார். சாம்பார் ஆறிப்போகும்.

அந்த வருஷம் சோதனை மெஷின் ஒன்று சீனாவிலிருந்து வந்தது. செய்து முடித்த விளக்குகளில் கீறல், குமிழ் இருக்கிறதா என்று கேமராவால் பார்த்துச் சொல்லும். அதனுடனேயே சென் என்ற இன்ஜினியரும் வந்தார். ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டார், இங்கிலீஷ் சுத்தமாக வராது. கேன்டீனில் நம் காரம் போதாதென்று சொந்தமாக ஒரு மிளகாய் பாட்டில் வைத்திருப்பார். மெஷினைத் தூசு புகாத ஒரு கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள். காலுக்கு உறை போட்டுக்கொண்டுதான் போக வேண்டும், போனை வெளியிலேயே வைத்துவிட வேண்டும். அதை ஓட்டிப் பார்க்கும் வேலை விமலாவுக்கு.

விமலா எங்கள் பென்னலூர்ப் பெண். கான்ட்ராக்ட்டில் சேர்ந்தவள். அந்த மாதம்தான் பெர்மனன்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். கடிதம் கைக்கு வருவதற்குள் அவள் அம்மா ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், சாப்பாட்டு டப்பாவை என்னோடுதான் திறப்பாள்.

ஆயுத பூஜை வந்தது. நம் தொழிற்சாலைக் காரிடாரில் ஆயுத பூஜை எப்படியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெஷினையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, எல்லோர் கையிலும் பொரிப் பொட்டலம். கிரெக் வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஒரே கைதட்டல். பூஜை முடிந்ததும் அவர் நேராகப் புதுச்சேரிக்குக் காரில் போய்விட்டார். சென் பூஜைக்கே வரவில்லை, தங்கியிருந்த அறையில் தூங்கினார்.

விடுமுறை முடிந்த காலையில்தான் அந்த மெஷினுக்குக் கடைசிச் சோதனை. அது தேறினால் கம்பெனி மெஷினை ஏற்றுக்கொள்ளும், சென் ஊருக்குப் போவார். முதல் விளக்கை வைத்தார்கள். சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. நல்ல விளக்கு, கெட்ட விளக்கு எல்லாவற்றையும் சிவப்பு காட்டித் தள்ளிக்கொண்டே இருந்தது. சென் வியர்க்க விறுவிறுக்க மெஷினை நோண்டினார், கம்ப்யூட்டரை நோண்டினார். கடைசியில் டார்ச் அடித்துக் கேமராக் கண்ணாடியைப் பார்த்தார். அதன்மேல் மஞ்சளாக ஒரு படலம், ஓரத்தில் லேசாகச் சிவப்பு.

அவர் போட்ட கத்தலில் எனக்கே காது அடைத்தது. பூஜைத் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போனது யார் என்று விசாரித்தார்கள். எல்லோரும் விமலாவைக் கைகாட்டினார்கள். பிளாண்ட் மேனேஜர் வந்தார். மெஷினைக் கெடுத்தது உங்கள் ஆள் என்று ரிப்போர்ட்டில் அவள் பெயரோடு எழுதப்போவதாகச் சென் சொல்ல, நான் அதைத் தமிழில் சொன்னேன். மேனேஜர் தலையைச் சொறிந்தார்.

"ரிப்போர்ட்ல பேரு வந்துட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது மேடம். கான்ட்ராக்ட்காரர்கிட்ட திருப்பி அனுப்பிடுவாங்க. பெர்மனன்ட்டை மறந்துட வேண்டியதுதான்."

விமலா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் கையைப் பிடித்து, உண்மையைச் சொல்லுடி என்றேன்.

"நான் வைக்கலக்கா. கிரெக் சார்தான் வச்சாரு. நானும் அவரும்தான் உள்ள போனோம். நீங்க வைங்க சார்னு சந்தனக் கிண்ணத்தை அவரு கையில குட்த்தேன். அங்க வேணாம்னு சொல்றதுக்குள்ள வச்சிட்டாரு. அவரு போனப்புறம் துணியால தொடச்சேன், அதுல இன்னும் பரவிடுச்சு. நான் சொன்னா யாரு நம்புவாங்கக்கா? அவரு எம்மாம் பெரிய ஆளு!"

இதைச் சீனத்தில் சொன்னேன். சொல்லும்போது பொட்டு என்றால் என்ன, பூஜை என்றால் என்ன, பெரியவர் கையில் கிண்ணத்தைக் கொடுப்பது நம் மரியாதை என்றெல்லாமும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்? இல்லாவிட்டால் அவருக்கு எப்படிப் புரியும்? சென் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"அவள் ரெண்டு வரி பேசினாள். நீ ரெண்டு பக்கம் பேசுகிறாய். அவள் உன் ஊர். உன்னோடு சாப்பிடுகிறாள். உன்னை அக்கா என்கிறாள். எங்கள் ஊரிலும் அப்படித்தான், அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் எந்த அக்காவும் விட்டுக்கொடுக்க மாட்டாள். நீ சொல்வதை நான் எழுத முடியாது."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். என் சீனம் நன்றாக இருந்தது. அன்றைக்கு அதுவே எனக்கு எதிராகப் போயிற்று. வெளியே வந்து கிரெக்குக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார்.

பத்தரை மணி வாக்கில் அவரே வந்து சேர்ந்தார், வெயிலில் மூக்கெல்லாம் வெந்து. காலுறையை மாட்டிக்கொண்டு சிரித்தபடி கண்ணாடி அறைக்குள் நுழைந்தவர், எங்கள் முகங்களைப் பார்த்து நின்றுவிட்டார். மேனேஜர் இங்கிலீஷில், விமலா துடைத்தது உட்பட, விஷயத்தைச் சொன்னார். கிரெக்கின் சிவந்த முகம் வெளுத்தது.

"ஐயோ, அது நான்தான். நான்தான் வைத்தேன்" என்றார் இங்கிலீஷில்.

அப்பாடா என்று நான் சீனத்தில் வாயைத் திறந்தேன். சென் கையைத் தூக்கித் தடுத்தார்.

"நீ வேண்டாம். இத்தனை நாளாக உன்னிடம்தானே படிக்கிறான்? அவனே சொல்லட்டும். நீ ஒரு எழுத்தும் எடுத்துக் கொடுக்கக்கூடாது."

கிரெக் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"கேமராமேல்... சந்தனம் இருக்கிறது" என்று ஆரம்பித்தார். வழக்கமான நழுவல்!

"அது எனக்கே தெரியும். எப்படி வந்தது?" என்றார் சென்.

"சந்தனம்... வந்தது."

"யார்?"

"நான்."

"நீ என்ன? நீ பார்த்தாயா? நீ வைக்கச் சொல்லி அவள் வைத்தாளா? உன் ஆளைக் காப்பாற்றப் பார்க்கிறாயா?"

அவர் கேட்ட வேகத்தில் கிரெக்குக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அவர் கை விமலாவின் பக்கம் நீண்டது புரிந்தது. கண்ணாடிக்கு வெளியே நிற்கச் சொல்லியிருந்த விமலா துப்பட்டா நுனியை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எனக்கு நாக்கு நமநமவென்று அரித்தது. எடுத்துக் கொடுக்க வேண்டியது ஒரே ஒரு வரி. என் சிஷ்யன் தவிக்கிறான், என் ஊர்ப் பெண்ணின் வாழ்க்கை போகிறது, எனக்குத் தெரிந்த வரி என் வாயில் இருக்கிறது. ஆனால் நான் வாயைத் திறந்தால், அதற்குப் பிறகு கிரெக் எதைச் சொன்னாலும் அது நான் சொல்லிக் கொடுத்தது ஆகிவிடும். அந்த அம்மா கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எப்படித்தான் நின்றாரோ! உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கவ்விக்கொண்டேன்.

மூலையில் பூஜைத் தட்டு அப்படியே இருந்தது. கிரெக் போய்க் காய்ந்துபோன சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். கேன்டீனில் தம்ளரை எடுப்பாரே, அதே மாதிரி. அதைச் சென்னிடம் காட்டினார்.

"நான்... பா... இதை..." என்றார். விரலால் கிண்ணத்தைத் தொட்டார். விரலைக் கேமராவுக்கு நேராகக் கொண்டுபோனார். அங்கேயே நின்றுவிட்டார். அதற்கு மேல் சொல் இல்லை. தடவுவது என்ற சொல்லை நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லையே! கேன்டீனில் எதைத் தடவுவது? ஆனால் அவர் இங்கிலீஷுக்கு ஓடவில்லை, 'இருக்கிறது'க்கும் ஓடவில்லை. கையை எடுக்காமல், நெற்றியில் வியர்வை வழிய, பாதி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

நான் சென்னின் முகத்தைப் பார்த்தேன். அவர் உதடு அசைந்தது. முதலில் அதட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. தன் மொழியில் ஒருத்தன் இப்படி அந்தரத்தில் தொங்கினால் யாரால்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

"...கேமராமேல் தடவிவிட்டாய்" என்று அவரே முடித்து வைத்தார்.

"ஆமாம்!" என்று கத்தினார் கிரெக். "தடவிவிட்டேன். நான். அவள் இல்லை." மூச்சு வாங்கிக்கொண்டு, இப்போது துணிந்தே இறங்கிவிட்டார். "அவள் அதைத் துடைத்தாள். சுத்தமாகவில்லை."

துடைத்ததோடு நிறுத்தாமல், அது என்ன ஆனது என்பதையும் விடாமல் சொன்னார் பாருங்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழக்கூட முடியாமல் உதட்டைக் கவ்விக்கொண்டு நின்றேன்.

சென் டார்ச்சை மறுபடி கேமராமேல் அடித்துப் பார்த்தார். பிறகு, "அங்கே ஏன் வைத்தாய்? எவ்வளவு இடம் இருக்கிறது?" என்றார்.

கிரெக் தன் இரண்டு கண்களைத் தொட்டுக் காட்டினார். புருவங்களுக்கு நடுவில் தொட்டார். பிறகு மெஷினைக் காட்டினார். அதன் முகப்பில் இரண்டு குட்டி விளக்குகள், அவற்றுக்கு நடுவே சற்று மேலே வட்டமாகக் கேமரா. மனுஷன் நெற்றி என்று நினைத்துப் பொட்டு வைத்திருக்கிறார்! சென் ரெண்டடி பின்னால் போய் மெஷினை நேருக்கு நேர் பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார். திடீரென்று வெடித்துச் சிரித்தார். இப்படி மெஷின்கள் எத்தனையோ பூட்டியிருக்கிறேன், இதற்கு ஒரு முகம் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கண்ணாடியை அவரே மருந்து போட்டுத் துடைத்தார். சாயங்காலத்துக்குள் பச்சை விளக்கு எரிந்தது. ரிப்போர்ட்டில் யார் பெயரும் வரவில்லை. அந்த மாதக் கடைசியில் விமலாவுக்குப் பெர்மனன்ட் கடிதம் கிடைத்தது, அவள் அம்மா ஊருக்கெல்லாம் சொன்ன வாக்கு தப்பவில்லை.

அன்று பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது விமலா என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா நீங்க, ஒரு வார்த்தை பேசாம மரமாட்டம் நின்னுகினு இருந்தீங்க? எனக்கு உள்ள பதறுது. ஒரு வரி எடுத்துக் குட்த்தா இன்னா கொறஞ்சிடுவீங்க?"

"குட்த்திருந்தா நீ இன்னிக்கே வேலையில்லாம வூட்டுக்குப் போயிருப்பேடி" என்றேன். அவளுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. முறைத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

உங்களுக்காவது புரிகிறதா பிள்ளைகளே? நமக்குக் கூலி பேசுவதற்கு. ஆனால் எப்போதாவது ஒரு நாள், பேசாமல் இருப்பதே வேலையாக வந்து நிற்கும். அது எப்போது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. அன்றைக்கு நாக்கு அரிக்கும். தாங்கிக்கொள்ளுங்கள். எதிரே தடுமாறுகிறவர் தன் வாயாலேயே சொல்ல வேண்டியதை நீங்கள் அழகாகச் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள். அப்புறம் அந்த 'பா' விஷயம். வாசலில் கேட்ட பெண்ணே, கேன்டீனுக்குப் போ, தம்ளரைக் கையில் எடு. அவ்வளவுதான்.

அடுத்த ஆயுத பூஜைதான் எனக்கு வேலையில் கடைசி பூஜை. இன்னொரு மெஷின் பூட்ட சென் மறுபடி வந்திருந்தார், இந்தத் தடவை தூங்கவில்லை. விமலா புது அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தட்டோடு வந்தாள். கிரெக் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவள் மெஷினின் பக்கவாட்டுத் தகட்டில் அழகாகப் பொட்டு வைத்தாள். அப்போது சென் முன்னால் வந்து அவள் எதிரே குனிந்தார். தன் நெற்றியைக் காட்டினார்.

"எனக்கு..." என்றார் தமிழில். யாரிடம் படித்தாரோ தெரியாது, என்னிடம் இல்லை. "பொட்டு..." என்றார். அதோடு நின்றுவிட்டார். குனிந்த தலை குனிந்தபடி, நெற்றியில் வியர்வை.

கிரெக் என்னைப் பார்த்தார். நான் உதட்டை மடித்துக் கவ்விக்கொண்டேன்.

"வை!" என்று லைன் மொத்தமும் கத்தியது.